தம்பி மேல் திருட்டு வழக்கு: லோயர் பிடிக்க வேண்டுமா, ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடலாமா?

கொழுந்துக்கூடை (ஹட்டன் பக்கம்):

வணக்கம். என் தம்பிக்கு 22 வயது. டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தான். கடையில் ஒரு டிரில் மெசினும் லாச்சியில் இருந்த காசும் காணாமல் போய்விட்டது என்று முதலாளி பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டார். கடைச் சாவி முதலாளியிடம் ஒன்று, அவருடைய மச்சானிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று. பிடித்துக்கொண்டு போனது தம்பியை மட்டும். அந்தக் கிழமை அவன் புதுப் போன் வாங்கினான், அதுதான் சந்தேகமாம். போன் வாங்கியது சீட்டுக் காசில். சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் கேட்டால் அவரே சொல்வார்.

பொலிஸில் ஏதோ சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என்ன எழுதினார்கள் என்று தம்பிக்குத் தெரியாது. மறுநாள் நீதவானிடம் கொண்டுபோய், இரண்டு பேர் சரீரப் பிணை வைத்து வெளியே எடுத்தோம். கோர்ட்டு வாசலில் நின்ற ஒரு லோயர்தான் அன்றைக்குப் பேசினார். அதற்குப் பிறகு அவருக்கு போன் எடுத்தால் பதில் இல்லை.

அடுத்த தவணை (கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாள்) அடுத்த மாதம். லயத்தில் பாதிப் பேர், "ஒத்துக்கொள்ளச் சொல்லு, ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்கிறார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறார். தம்பி, "நான் எடுக்கவில்லை, ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்" என்கிறான். லோயர் பிடிப்பதென்றால் எப்படிப்பட்டவரைப் பிடிப்பது? செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது.

மேட்டுலயம் (தலவாக்கலை):

தங்கச்சி, நான் சொல்வது கசப்பாக இருக்கும். என் சொந்தக்காரப் பையனுக்கும் இப்படி ஒரு வழக்கு. சுற்றவாளி, அதாவது குற்றம் செய்யவில்லை, என்று சொன்னான். அதன் பிறகு தவணை தவணையாக அலைச்சல். ஒரு நாள் சாட்சி வரவில்லை, ஒரு நாள் பொலிஸ்காரர் வேறு கடமை, இன்னொரு நாள் லோயர் வரவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் பேர் (அன்றைய நாள் சம்பளம்) போனது, பஸ் காசு போனது, லோயருக்கும் காசு. 2024இல் நாள் சம்பளம் 1350 ஆனதுக்குப் பிறகும் ஒரு தவணைக் கட்டணத்துக்கு எத்தனை பேர் போட வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். கடைசியில் விட்டுவிட்டார்கள், சரி. ஆனால் அதற்குள் வீட்டில் இருந்த சங்கிலி அடகில் போய்விட்டது. சின்ன வழக்கு என்றால் ஒத்துக்கொண்டு முடித்துவிடுவதுதான் ஏழைக்கு வழி.

ஓய்வு பெற்ற கிளாக் (நாவலப்பிட்டி):

மேட்டுலயம் சொல்லும் அலைச்சல் பொய்யில்லை. நீதிமன்றக் காரியாலயத்தில் காலத்தைக் கழித்தவன் நான், தவணை எப்படி இழுபடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முடிவில் அவர் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன்.

குற்றவாளி என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் நீதவான் அதைப் பதிந்து தீர்ப்புக் கொடுத்துவிடலாம். தண்டனை விதிக்கும் முன்னால் நீதவான் அனுமதித்தால் சொன்னதைத் திரும்பப் பெறலாம் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்தச் சந்தர்ப்பம் கண் மூடித் திறக்கும் நேரம்தான். சொன்ன வாயோடு தண்டனையும் வந்துவிடும். அதற்குப் பிறகு தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யவும் முடியாது. தண்டனை சட்டப்படி சரியா என்பது போன்ற சட்டக் கேள்வி மட்டும்தான் மிஞ்சும். சுற்றவாளி என்று வாதாடித் தோற்றவனுக்கு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போக 14 நாள் இருக்கிறது. ஒத்துக்கொண்டவனுக்கு அந்த வாசல் இல்லை.

அப்புறம், பையனுக்கு 22 வயதுதானே? நாளைக்கு டுபாய், கட்டார் என்று ஆசைப்படுவான். கொழும்பில் பெரிய கடையில் வேலைக்குச் சேர்ந்தாலும் பொலிஸ் நற்சான்று கேட்பார்கள். ஃபைன் ரசீது தொலைந்து போகலாம், திருட்டுக்குத் தீர்ப்பு என்ற பதிவு தொலையாது. எடுக்கவில்லை என்று பையன் சொல்கிறான் அம்மா. அவன் பேச்சுக்கு வீட்டில் முதலில் இடம் கொடுங்கள்.

பனிமூட்டம் (நுவரெலியா):

"கோர்ட்டு வாசலில் நின்ற லோயர்" என்று படித்ததும் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். எல்லாக் கோர்ட்டு வாசலிலும் ஒரு கூட்டம் நிற்கும். "அக்கா பிணையா? வாங்க, நல்ல லோயர் இருக்கிறார்" என்று கையைப் பிடிப்பார்கள். அவர்கள் லோயர் இல்லை, தரகர். லோயர் தரகர் வைத்து ஆள் பிடிக்கக் கூடாது என்று சட்டத்தரணிகளுக்கான ஒழுக்க விதியே இருக்கிறது. தரகருக்குப் போகும் பங்கும் உங்கள் காசில்தான்.

அந்த லோயர் தரகர் கொண்டுவந்தவரா, தானாக வந்தவரா?

கொழுந்துக்கூடை:

ஒரு ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். காசும் அந்த ஆள் கையில்தான் கொடுத்தோம். ரசீது தரவில்லை.

தலைவர் மகன் (மஸ்கெலியா):

லோயர் எல்லாம் வேண்டாம் தங்கச்சி. தோட்டத் தலைவரையும் ஊரில் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போங்கள். மெசினுக்கும் காசுக்கும் ஒரு தொகை பேசிக் கட்டிவிட்டால் அவர் முறைப்பாட்டை வாங்கிக்கொள்வார். எங்கள் பக்கத்தில் இப்படி எத்தனையோ முடிந்திருக்கிறது.

கறுப்புக் கோட்டு (கண்டி, இளம் சட்டத்தரணி):

இழையை இப்போதுதான் பார்த்தேன். கோப்பைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள் அக்கா.

முதலில் தலைவர் மகன் அண்ணாவுக்கு. பொலிஸ் நீதிமன்றத்தில் அறிக்கை போட்ட பிறகு, முதலாளி வீட்டுத் திண்ணையில் பேசி வழக்கை முடிக்க முடியாது. அது நீதவான் முன்னால் இருக்கிறது. எடுக்காத மெசினுக்கு நீங்கள் காசு கட்டினால், நாளைக்கு முதலாளி சாட்சிக் கூண்டில் ஏறி, "பிழையை ஒத்துக்கொண்டு காசு கொண்டுவந்தார்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரம்? பேச வேண்டுமென்றால் உங்கள் சட்டத்தரணி வழியாகப் பேசுங்கள்.

இனி உங்கள் வழக்கு. லோயர் பிடித்தவுடன் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, நீதிமன்றக் கோப்பிலிருந்து பி அறிக்கையின் (விசாரணை பற்றிப் பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) சான்றுப்படுத்திய பிரதியை எடுப்பது. பொலிஸ் எந்தப் பிரிவில் போட்டிருக்கிறது என்று அதில் தெரியும். தண்டனைச் சட்டக்கோவையில் 367 என்றால் சாதாரணத் திருட்டு, உயர்ந்த தண்டனை மூன்று வருடச் சிறை. வேலைக்காரன் முதலாளியின் பொருளைத் திருடினான் என்றால் 370, அது ஏழு வருடம் வரை போகும். லயத்தில் "சின்ன வழக்கு" என்று சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். கடைப் பையன் மேல் வரும் முறைப்பாடு 370இல் விழுவது சர்வசாதாரணம்.

கையெழுத்தைப் பற்றி. தம்பி பொலிஸில் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்தால்கூட, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அது. ஒரு விலக்கு இருக்கிறது, 27ஆம் பிரிவு. "இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன்" என்று அவர் சொன்ன தகவலின்படி பொலிஸ் போய்ப் பொருளை எடுத்தால், அந்தத் தகவலில் பொருள் கண்டெடுக்கக் காரணமான பகுதியை மட்டும் சாட்சியாக வைக்கலாம். டிரில் மெசின் கிடைத்ததா? எங்கே, யார் முன்னால்? இதற்குப் பதில் எழுதுங்கள், வழக்கின் கழுத்தே அங்கேதான் இருக்கிறது.

திருட்டுப் பொருள் திருட்டு நடந்த சூட்டோடு ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை என்றால், அவரே திருடினார் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். அதே சட்டத்தின் 114ஆம் பிரிவில் உதாரணமாகவே இது இருக்கிறது. ஆனால் உங்கள் தம்பி கையில் இருந்தது முதலாளியின் மெசின் இல்லை, தன் காசில் வாங்கிய போன். சீட்டு அக்காவின் கொப்பியும் போன் கடைப் பில்லும் இப்போதே பத்திரமாக இருக்கட்டும். கடையில் சிசிடிவி இருந்தால் லோயரிடம் முதல் நாளே சொல்லுங்கள். பழைய பதிவின் மேல் புதியது தானாகப் பதிந்துகொண்டே போகும். அதைப் பாதுகாக்கும்படி நீதிமன்றத்தில் கேட்க வேண்டியது அவர்.

கொழுந்துக்கூடை:

மெசின் கிடைக்கவே இல்லை. வீட்டைச் சோதித்தார்கள், போனை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்படியென்றால் வழக்கு நிற்காதா?

கறுப்புக் கோட்டு:

நிற்காது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு லோயர் முதல் சந்திப்பிலேயே அடித்துச் சொன்னால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நிரூபிக்க வேண்டியது பொலிஸ், நியாயமான சந்தேகத்துக்கு அப்பால். உங்கள் தம்பி சுற்றவாளி என்பதை அவரே நிரூபிக்கத் தேவையில்லை, அரசியலமைப்பின் 13(5) அவர் பக்கம் இருக்கிறது. மூன்று சாவி என்றீர்களே, மச்சான் அன்றைக்குக் கடைக்கு வந்தாரா, லாச்சியை எண்ணியது யார், பில் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்றெல்லாம் குறுக்கு விசாரணையில் கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதற்குத்தான் லோயர்.

ஊவாக்காரி (பண்டாரவளை):

செலவைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் வீட்டுக்காரரை ஒரு முறைப்பாட்டில் விளக்கமறியலில் வைத்தார்கள். 14 நாள், பிறகு இன்னொரு 14 நாள் என்று போனது. கையில் காசில்லை. சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனேன். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது அது. நுவரெலியா, பதுளை, கண்டி எல்லாவற்றிலும் காரியாலயம் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதனால் சம்பளச் சிட்டை, கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, வழக்கு இலக்கம் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். வழக்கு இலக்கம் இல்லாமல் போய் நான் திரும்பி வந்தேன்.

இன்னொன்று, மேல் நீதிமன்ற வழக்கில் லோயர் இல்லாதவருக்கு அரசாங்கமே ஒருவரை நியமிக்கும். நீதவான் நீதிமன்றத்தில் அப்படித் தானாக யாரும் வரமாட்டார்கள். நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தவர் இளம் பிள்ளை, அனுபவம் குறைவு. ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் நேரத்துக்கு வந்தார். அன்று நடந்ததைத் தமிழில் எனக்கு விளங்க வைத்துவிட்டுத்தான் போவார். பெயர் பெற்ற பெரிய லோயரைப் பிடித்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு ஜூனியர், ஒவ்வொரு ஜூனியரும் முதலிலிருந்து கதை கேட்பார். பெரிய பெயர் எனக்கு வேண்டாம் தாயே.

பனிமூட்டம்:

ஊவாக்காரி அக்கா சொன்னதில் அந்தத் தமிழ் விசயத்துக்குத்தான் நான் முதல் மார்க் போடுவேன். நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் நடவடிக்கை சிங்களத்தில். நம் பிள்ளைகள் சிங்களம் பேசுவார்கள், ஆனால் கடைப் பேச்சு வேறு, கோர்ட்டுப் பேச்சு வேறு. நீதவான் கேட்டது என்னவென்று விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்தவனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற கிளாக்:

அதற்கு உரிமை இருக்கிறது. கேட்பவர்தான் இல்லை. நீதிமன்றத்தில் பயன்படும் மொழி தெரியாத தரப்பினருக்கு உரைபெயர்ப்பு அரசாங்கச் செலவில் கிடைக்க வேண்டும், பதிவேட்டின் பகுதியைத் தமிழில் பெறவும் முடியும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. குற்றச்சாட்டை வாசிக்கும்போதே "தமிழில் வாசிக்க வேண்டும்" என்று லோயர் எழுந்து சொன்னால் உரைபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார்கள். சில நாள் உரைபெயர்ப்பாளர் இல்லாமல் தவணை தள்ளிப்போகும். போகட்டும். விளங்காத குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வதைவிட ஒரு தவணை போவது மேல்.

பொலிஸில் விசயம் தெரியாமல் கையெழுத்துப் போட்டதையும் லோயரிடம் அப்படியே சொல்லுங்கள். இனி யாருக்காவது இப்படி வந்தால், வாசித்து விளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பொலிஸ் நிலையத்துக்கே சட்டத்தரணி போய்த் தன் கட்சிக்காரருக்காகப் பேசலாம். 2012இல் அதற்கு விதியே வந்தது. நம் ஆட்கள் பிணை எடுக்கும் நாளில்தான் லோயரைத் தேடுகிறார்கள். அதற்குள் பாதி வழக்கு எழுதி முடிந்துவிடுகிறது.

மேட்டுலயம்:

ஐயா, எல்லாம் சரி. ஆனால் உண்மையாகவே எடுத்தவன் என்றால்? அவனும் சுற்றவாளி என்று வருடக்கணக்கில் இழுக்க வேண்டுமா? அதையும் சொல்லுங்கள்.

கறுப்புக் கோட்டு:

நல்ல கேள்வி அண்ணா. எடுத்தவருக்குத்தான் லோயர் இன்னும் அவசியம். முதல் தடவை, வயது குறைவு, பொருளின் பெறுமதி குறைவு, பொருள் திரும்பக் கிடைத்துவிட்டது என்றால், தீர்ப்பு என்று பதியாமலேயே நிபந்தனையோடு விடுவிக்க நீதவானுக்குக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. சிறைக்குப் பதில் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை (வெளியே இருந்து சமுதாய வேலை செய்யச் சொல்வது போன்றது) கேட்கலாம், அதற்கு 1999இல் தனிச் சட்டமே வந்தது. ஒத்திவைத்த சிறைத் தண்டனை என்றும் ஒன்று இருக்கிறது. இதையெல்லாம் நீதவான் முன்னால் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். லோயர் இல்லாமல் தனியாகப் போய் "குற்றவாளி" என்று சொல்கிறவருக்கு 306 என்று ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

அதனால் லோயரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், எடுத்திருந்தால் எடுத்தேன் என்று. கட்சிக்காரர் சொன்னதை அவர் வெளியே சொல்ல முடியாது. பொய்க் கதையை வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்ய விட்டால் நடுவழியில் இருவரும் சேர்ந்துதான் விழுவீர்கள்.

கொழுந்துக்கூடை:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். டுபாய்க் கதையைக் கேட்டதும் பேசாமல் இருந்துவிட்டார். நாளைக்கு டவுனுக்குப் போகிறோம். லோயரிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும்? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்றும் பயம்.

ஊவாக்காரி:

கோபித்தால் வேறு ஆளிடம் போங்கள். நீங்கள் காசு கொடுப்பவர். கட்டணம் தவணைக்குத் தவணையா, வழக்கு முடியும் வரைக்கும் மொத்தமா என்று முதலிலேயே கேளுங்கள். பிரதி எடுக்கும் காசு அதற்குள் வருகிறதா, தனியா? விளக்கம் (சாட்சிகளை விசாரிப்பது) நடக்கும் அன்று அவரே வருவாரா, ஜூனியரை அனுப்புவாரா? காசை அவர் கையில் அல்லது காரியாலயத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த "ஆள்" கையில் இனி ஒரு சதம் கொடுக்காதீர்கள். தம்பியை விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். நீங்களே எல்லாக் கதையும் சொல்லி அவன் வாசலில் நின்றால் லோயருக்கு என்ன விளங்கும்?

கறுப்புக் கோட்டு:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் அல்லவா? கடைசி மாதச் சம்பளம் தந்தார்களா? வேலை நீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். திருட்டு வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் காலம் ஓடிவிடும். இரண்டையும் ஒரே லோயர் பார்க்க வேண்டும் என்று இல்லை, ஆனால் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

கொழுந்துக்கூடை:

போய்வந்தோம். முதலில் பார்த்தவர் கோப்பையே கேட்கவில்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன், முழுக் காசையும் கொண்டுவாருங்கள்" என்றார். வந்துவிட்டோம். இரண்டாவதாகப் பார்த்தவர் ஒரு அம்மா. தமிழில் பேசினார். தம்பியைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார், எங்களை வெளியே இருக்கச் சொன்னார். வழக்கு இலக்கத்தை எழுதிக்கொண்டு பிரதிக்கு விண்ணப்பம் போட்டார். பிரிவு 370தான். கடை முன்னால் இருக்கும் பார்மசியிலும் கமரா இருக்கிறதாம், அதையும் கேட்கப் போகிறாராம். கட்டணம் தவணைக்குத் தவணை. ரசீது தந்தார்.

சட்ட உதவிக்கும் போய்க் கேட்போமா என்று யோசித்தோம். சீட்டு அக்கா இரண்டு தவணைக்குக் கைமாற்றுத் தருகிறேன் என்றார், இப்போதைக்கு இவரையே வைத்துக்கொள்கிறோம்.

மேட்டுலயம்:

சரி தங்கச்சி, நல்லது. அலைச்சல் அலைச்சல்தான், அதை மட்டும் மறக்காதீர்கள். தோட்டத்தில் தவணை நாளுக்கு முன்கூட்டியே சொல்லி லீவு எடுங்கள். பேர் போனாலும் வேலை போகாது.

ஓய்வு பெற்ற கிளாக்:

தவணை அன்று எட்டரைக்கே நீதிமன்றத்தில் இருங்கள். தம்பியைக் கூப்பிடும்போது அவன் இல்லையென்றால் பிடியாணை போய்விடும். பிணை நின்ற இரண்டு பேருக்கும் அது தலையிடி. சுகமில்லை என்றால் மருத்துவச் சான்றிதழோடு லோயருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிணைகாரர்கள் விலாசம் மாறினால் அதையும் சொல்லுங்கள். போனைத் திரும்பக் கேட்டு லோயர் விண்ணப்பம் கொடுக்கலாம், பில்லின் மூலப் பிரதியை அன்றைக்கு மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.